பழைய ஏழு சீட்டு வண்டி வாங்கலாமா? கல்லாவைக் கேட்டு முடிவு செய்வோம்



கடைத்தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் இப்போது காதில் விழும் பேச்சு இது: "ஏழு சீட்டு வண்டி, ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ், ஒன்பது லட்சத்துக்கு வருகிறது. எடுத்துப் போடட்டுமா?" கேட்பவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற மளிகை வியாபாரியாகவோ சில்லறை வணிகராகவோ இருப்பார். வீட்டில் பெற்றோர், மனைவி, மக்கள் என்று ஆறேழு பேர் இருப்பார்கள். குலதெய்வக் கோயிலுக்கும் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கும் வாடகை வண்டி பிடித்துச் சலித்திருப்பார். எஸ்.யூ.வி. என்று சொல்லப்படும் உயரமான குடும்ப வண்டியைப் புதிதாக வாங்கும் வசதி இல்லை. பழையதில் கண் போகிறது.

இந்த ஆசையில் தவறில்லை. காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாவைப் பூட்டுகிறவன் தன் குடும்பத்தை ஒரு நல்ல வண்டியில் ஏற்றிச் செல்ல விரும்பக் கூடாதா? விரும்பலாம். ஆனால் துவரம் பருப்பு மூட்டை ஒன்றை வாங்க, குத்தூசி போட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, நாலு கடையில் விலை கேட்டுத்தான் நாம் வாய் திறக்கிறோம். ஒன்பது லட்சம் ரூபாய் வண்டியை மட்டும் பளபளப்பைப் பார்த்து அரை மணி நேரத்தில் முடித்து விடுகிறோம். சரக்குக் கொள்முதலில் நாம் காட்டும் கண்டிப்பை வண்டியிலும் காட்டினால் போதும், பெரும்பாலான நஷ்டங்களைத் தவிர்த்து விடலாம். அதற்கான வழியை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

தேவை எவ்வளவு?

முதலில் ஒரு நோட்டை எடுத்து, கடந்த ஓராண்டில் குடும்பத்தோடு சென்ற பயணங்களை எழுதுங்கள். எத்தனை முறை சென்றோம், எத்தனை பேர் சென்றோம், எத்தனை கிலோமீட்டர்? மனக்கணக்கு வேண்டாம். "அடிக்கடி போகிறோம்" என்பது எழுதிப் பார்த்தால் ஆண்டுக்கு எட்டுப் பயணம் என்று முடிவதுண்டு. ஏழு பேரும் சேர்ந்து சென்றது அதில் மூன்று முறையாக இருக்கும்.

அடுத்து, அன்றாட ஓட்டம். வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து மண்டி, மண்டியிலிருந்து வங்கி. இதற்கு இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ள வண்டி தேவையா? குறுகலான கடைத்தெருவில் அதை எங்கே நிறுத்துவது? வாடிக்கையாளர் வண்டி நிறுத்தும் இடத்தை நாமே அடைத்துக் கொண்டால் நஷ்டம் யாருக்கு? இவற்றுக்கு விடை எழுதிய பிறகே விலை பேசப் போக வேண்டும்.

உண்மையான விலை

ஒரு மளிகைக் கடைக்காரரை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். வண்டி விலை 9 லட்சம். கையிலிருந்து 4 லட்சம் போடுகிறார். மீதி 5 லட்சம் கடன். பழைய வண்டிக் கடனுக்கு வட்டி புது வண்டியைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆண்டுக்கு 14 சதவீதம், 48 மாதத் தவணை என்று வைத்துக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 13,660 ரூபாய். நான்காண்டில் செலுத்தும் வட்டி மட்டும் 1,56,000 ரூபாய் அளவுக்கு வரும். ஆண்டுக்குச் சராசரியாக 39,000.

ஆண்டு ஓட்டம் 9,000 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 92 ரூபாய், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று கொண்டால் எரிபொருளுக்கு 69,000. காப்பீடு 24,000. சர்வீஸ் 20,000. நான்கு டயர்களை நான்காண்டுக்கு ஒருமுறை மாற்ற 40,000 என்றால் ஆண்டுக்கு 10,000. எதிர்பாராத பழுதுகளுக்கு 25,000. நான்காண்டு கழித்து வண்டி 5 லட்சத்துக்கு விலை போனால் தேய்மானம் ஆண்டுக்கு ஒரு லட்சம்.

இனி, பலரும் எழுத மறக்கும் ஒரு வரி இருக்கிறது. கையிலிருந்து போட்ட 4 லட்சம் என்பது கடையில் சுழன்று கொண்டிருந்த பணம். அது ஆண்டுக்கு 15 முறை சுழன்றால் 60 லட்சம் ரூபாய்க் கொள்முதலாகிறது. மொத்த வியாபாரியிடம் ரொக்கம் கொடுத்து ஒரு சதவீதம் தள்ளுபடி பெற்று வந்தவருக்கு அதில் கிடைத்தது 60,000 ரூபாய். முதலை வண்டியில் முடக்கிய அன்றே அந்தத் தள்ளுபடி போய்விடும். சரக்கைக் கடனுக்கு எடுக்க வேண்டி வரும்.

எல்லாவற்றையும் கூட்டுங்கள்: 69,000 + 24,000 + 20,000 + 10,000 + 25,000 + 1,00,000 + 39,000 + 60,000 = 3,47,000 ரூபாய். மாதம் ஏறத்தாழ 29,000. கிலோமீட்டருக்கு 38 ரூபாய்க்கு மேல். உங்கள் ஊரில் ஓட்டுநருடன் வரும் ஏழு சீட்டு வாடகை வண்டிக்குக் கிலோமீட்டருக்கு என்ன கட்டணம் என்று கேட்டு இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வேறொரு விதமாகவும் பார்க்கலாம். கடையில் எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 5 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், இந்த 3,47,000 ரூபாயை ஈட்ட 69 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். ஆண்டுக்கு அவ்வளவு விற்பனையை வண்டிக்கென்றே ஒதுக்கி வைக்க நம் கடையால் முடியுமா? முடியும் என்றால் தயங்க வேண்டாம். முடியாது என்றால் தரகர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் அந்த வண்டி நமக்கு மலிவல்ல.

இவை உதாரணத் தொகைகளே. உங்கள் வட்டி, உங்கள் ஓட்டம், உங்கள் லாப விகிதம் ஆகியவற்றைப் போட்டுப் புதிதாகக் கணக்கிடுங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் இருந்து, ஆறேழு பேர் ஏறும் பயணம் மாதந்தோறும் வந்தால் கணக்கு மாறும். கடன் இல்லாமல், கடை முதலைத் தொடாமல், தனியாகச் சேர்த்த பணத்தில் வாங்கினாலும் மாறும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்வோம்: தீபாவளி, பொங்கல் சரக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் கடைப் பணத்தில் வண்டி வாங்காதீர்கள். ஆண்டின் பெரிய வியாபாரத்தில் வெறும் அலமாரியோடு நிற்கும் நிலைக்கு ஈடாக எந்த வண்டியும் கிடையாது.

விற்பவரின் பழைய பில் நமக்கு விலையல்ல

"நான் 16 லட்சத்துக்கு எடுத்த வண்டி சார்" என்று விற்பவர் பில்லை நீட்டுவார். அந்தப் பில் அவருடைய கொள்முதல். நாம் பார்க்க வேண்டியது இன்றைய புது வண்டி விலை. 2025 செப்டம்பர் 22 முதல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. மாற்றி அமைக்கப்பட்டது. பெரிய எஸ்.யூ.வி.களுக்கு வரியும் கூடுதல் தீர்வையும் சேர்த்து 50 சதவீதம் வரை இருந்த சுமை 40 சதவீதமானது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளமும், பெட்ரோலானால் 1200 சி.சி., டீசலானால் 1500 சி.சி. வரை இன்ஜினும் உள்ள சிறிய வண்டிகளுக்கு 29 முதல் 31 சதவீதம் வரை இருந்தது 18 சதவீதமாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கினால் பழையதும் இறங்கத்தான் வேண்டும். புதுச் சரக்கு விலை இறங்கிய பின் பழைய கொள்முதல் விலையைச் சொல்லி நம்மால் விற்க முடிகிறதா?

பழைய வண்டியின் பக்கம் ஒரு நியாயமும் உண்டு. புது வண்டிக்குக் கட்டும் ஆயுள் வரி தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டிலேயே பதிவாகி ஆயுள் வரி கட்டப்பட்ட பழைய வண்டியை வாங்கினால் அந்த வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. முதல் சில ஆண்டுகளின் பெரிய தேய்மானத்தையும் முதல் உரிமையாளரே சுமந்து விட்டார். மூன்று முதல் ஆறு வயது வரை உள்ள வண்டியே பொதுவாக நம் போன்றோருக்கு ஏற்றது.

எந்த வண்டி?

மாதிரிகளைப் பற்றிச் சிறிது சொல்வோம். 2011 செப்டம்பரில் அறிமுகமான மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.500, 2.2 லிட்டர் டீசல் இன்ஜினும் ஏழு இருக்கையும் கொண்டது. நெடுஞ்சாலைக்கு நல்ல வண்டி. 2021-இல் உற்பத்தி நின்றது. பழைய வண்டிச் சந்தையில் குறைந்த விலைக்கு நிறையக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மூன்றாம் வரிசையை விரித்து ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் சொற்பமே. திருப்பதிக்கு ஏழு பேரும் ஏழு பையும் என்றால் மேலே கேரியர் போட வேண்டும். 2015-இல் வந்த ஹூண்டாய் கிரெட்டா, நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் தயாராவது. ஐந்து பேருக்கே ஏற்றது. ஐந்து பேர் குடும்பத்துக்கு இதுவே போதும் என்றால் ஏழு இருக்கைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

உற்பத்தி நின்ற வண்டி என்பதாலேயே ஒதுக்க வேண்டியதில்லை. நிறுவனம் நாட்டில் இருந்தால் பாகம் வரும். ஃபோர்டு நிறுவனம் 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அத்தகைய வண்டியை வாங்குமுன், உங்கள் ஊருக்கு அருகே சர்வீஸ் இருக்கிறதா, பம்பர், விளக்கு, கிளட்ச் ஆகியவை எத்தனை நாளில் வரும் என்று பாகக் கடையிலேயே கேளுங்கள். பதில் வாரக் கணக்கில் வந்தால் அதற்கேற்ப விலையைக் குறையுங்கள், அல்லது விட்டு விடுங்கள்.

டீசலா, பெட்ரோலா? 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராகச் சிறிது தூரம் ஓடினால்தான் அதில் தங்கிய கரி எரிந்து போகும். வீட்டுக்கும் கடைக்கும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக் கொள்ளும். சுத்தம் செய்யவோ மாற்றவோ பெரிய தொகை ஆகும். ஆகவே நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்குப் பெட்ரோல் வண்டியே நல்லது. பழைய பெட்ரோல் வண்டியானால், 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது ஏற்றதா என்று வண்டியுடன் வந்த கையேட்டில் பாருங்கள்.

குத்தூசி போட்டுப் பாருங்கள்

வண்டியைப் பார்க்கப் பகலில் போங்கள். மழையில் நனைந்த வண்டியில் பெயிண்ட் குறை தெரியாது. விற்பவருக்கு வேண்டியவரல்லாத, நம்முடைய மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நாம் வருமுன்பே இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஆறும் வரை காத்திருந்து அல்லது மறுநாள் காலை வந்து, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடேறிய பின்னும் வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் குளிர்நீர் உள்ளே கசியக்கூடும். முடுக்கும்போது கரும்புகை அதிகம் வந்தால் இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் மாட்டிப் பார்த்து விடுவது நலம்.

அடுத்து உடல். கதவு ரப்பரை ஓரத்தில் சற்று விலக்கினால் தகட்டின் வெல்டிங் புள்ளிகள் தெரியும். கம்பெனி வெல்டிங் வரிசையாக, ஒரே அளவாக இருக்கும். பட்டறை வெல்டிங் அப்படி இருக்காது. பானெட், கதவு, ஃபெண்டர் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் அவற்றைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஒரு கதவுக்கு வேறு பெயிண்ட் அடித்திருப்பது குற்றமல்ல. தூணிலும் சட்டத்திலும் அடிபட்டிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். 40,000 என்று மீட்டர் காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், ஸ்டியரிங் தோல் பளபளத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பழைய சர்வீஸ் விவரங்களை விற்பவர் மூலம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் எழுதப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். 40,000 கிலோமீட்டரில் நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். தெருவில் ஒரு சுற்று போதாது. வேகத்தடை, மேடு, நெடுஞ்சாலை மூன்றிலும் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஏ.சி.யைப் போட்டு, பாட்டை நிறுத்தி ஓட்டுங்கள். குழியில் இறங்கும்போது கடகட என்றால் சஸ்பென்ஷன். கியர் போட்டு முடுக்கும்போது இன்ஜின் சுற்று ஏறி, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் தொகை எழுதி வாங்குங்கள். பேரத்தில் அதுவே நம் துலாக்கோல்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் புகுந்த வண்டி வெளியே பளிச்சென்று இருக்கும். உள்ளே மின்கம்பிகள் மெல்ல அரித்துக் கொண்டே வரும். ஒரு நாள் இரவில் நடு வழியில் நிற்கும்.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் விடை கிடைத்துவிட்டது. தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட், தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம் ஆகியவற்றில் துரு இருக்கிறதா, முகப்பு விளக்குக்குள் நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் வந்த ஆண்டின் காப்பீட்டில் பெரிய இழப்பீடு வாங்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். ஐயம் தீரவில்லை என்றால் அரை விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெளிமாநில வண்டிகளிலும் கவனம் தேவை. தில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015 முதல் பிறந்த உத்தரவுகளால் அங்கிருந்து வண்டிகள் குறைந்த விலைக்குப் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டு வந்தன. அத்தகைய வண்டிக்கு அந்த மாநிலத்துத் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வரி எவ்வளவு என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு மறைந்து போவதுண்டு.

காகிதங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் வண்டியில் பொறித்துள்ளதோடு நாமே ஒப்பிட வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவு தேதி, காப்பீடு, கடன் அடமானம் ஆகிய விவரங்கள் கிடைக்கும். கட்டாத அபராதங்களையும் பாருங்கள். முன்பு வாடகை வண்டியாக ஓடிப் பிறகு சொந்த வண்டியாக மாற்றப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள்.

அடமானம் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்றும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை. மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநில வண்டியானால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி மேஜையில் வைப்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம்.

உங்கள் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்குபவராக இருந்தால் இன்னும் கவனம். வண்டி கை மாறியும் பதிவு மாறாமல் இருந்த ஒரு விபத்து வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாரோ ஓட்டிய வண்டிக்கு நம் கடையும் வீடும் பதில் சொல்ல நேரிடலாம். ஆகவே வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக் கொள்வதுடன், பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள்.

காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையேல் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். விற்றவர் ஈட்டிய இழப்பீடு கோராமைச் சலுகை அவருக்கே சொந்தம். அது வண்டியோடு வராது. ஆகவே அவர் கட்டிய தொகையை நம்பாமல் உங்கள் பெயருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். 1500 சி.சி.க்கு மேற்பட்ட இன்ஜினுக்குக் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடே கூடுதல். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய்.

வயதையும் பாருங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். 2012-இல் பதிவான வண்டி 2027-இல் சோதனைக்குப் போய்ப் புதுப்பிக்கப்பட வேண்டும். அத்தகைய வண்டிக்கு விலை பேசும்போது இச்செலவையும் நினைவில் வையுங்கள்.

கடைச் சரக்கை ஏற்றலாமா?

"குடும்பத்துக்கும் ஆச்சு, பின் சீட்டை மடித்தால் நாலு மூட்டை சரக்கும் ஏற்றலாம்" என்ற எண்ணத்தில்தான் நம்மில் பலர் பெரிய வண்டியைத் தேடுகிறோம். இங்கேதான் இடர் இருக்கிறது. சொந்த உபயோகக் கார் காப்பீட்டில், மாதிரிச் சரக்கும் சொந்த உடைமைகளும் தவிர வியாபாரச் சரக்கு ஏற்றுவது விலக்கப்பட்டிருக்கும். பாலிசியை எடுத்து உபயோக வரம்பு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். எண்ணெய் டின்னும் சர்க்கரை மூட்டையும் ஏற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடு மறுக்கப்படலாம். வாடிக்கையாகச் சரக்கு எடுப்பவருக்குச் சரக்கு வாகனமே முறை.

வரிக் கணக்கும் அதையே சொல்கிறது. ஓட்டுநர் உட்பட 13 பேர் வரை அமரும் பயணிகள் வாகனத்துக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை நம் போன்ற கடைக்காரர்கள் உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. சரக்கு ஏற்றும் வாகனத்துக்குக் கழிக்கலாம். காரைக் கடைக் கணக்கில் வைத்துத் தேய்மானம் எழுதினால், பின்னாளில் விற்கும்போது புத்தக மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி.யில் பதிவு பெற்றவர் 18 சதவீதம் வரி செலுத்த நேரிடும். இந்த விகிதம் 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய கார்களுக்கும் ஒன்றாக்கப்பட்டது. கடை பெயரிலா, சொந்தப் பெயரிலா என்பதை வாங்குமுன் உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பணம் கொடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை செய்யப்பட்டுள்ளது. மீறிப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம். நாம் பழைய வண்டியை விற்பவராக இருந்தால் அந்தப் பெற்றவர் நாமே. வாங்குபவரானாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். நாளை தகராறு வந்தால் அதுவே சாட்சி. முன்பணம் சிறிதாக இருக்கட்டும். "காகிதம் சரியில்லையானால் திரும்பத் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள்.

முடிவாக

மூன்று கேள்விகளுக்கு ஆம் என்று விடை வந்தால் வாங்குங்கள். எழுதிப் பார்த்த ஓட்டத்துக்கு இந்த அளவு வண்டி தேவைப்படுகிறதா? கொள்முதல் முதலைத் தொடாமல் வாங்க முடிகிறதா? நம் மெக்கானிக்கும் காகிதங்களும் சரி என்கின்றனவா? ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் இந்த ஆண்டு பொறுத்திருங்கள். பழைய வண்டிச் சந்தையில் "இன்று விட்டால் கிடைக்காது" என்பதெல்லாம் தரகர் பேச்சு. சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

பொறுத்திருக்கும் காலத்திலும் ஒரு வேலை செய்யலாம். வண்டி வாங்கியிருந்தால் கட்டியிருக்க வேண்டிய மாதத் தவணையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். பன்னிரண்டு மாதமும் தடையின்றிக் கட்ட முடிந்தால் நம் கடை அந்தச் சுமையைத் தாங்கும் என்பது உறுதியாகும். முன்பணமும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். நடுவில் நின்று போனால், தவணை தவறிய வண்டியைப் பறிகொடுக்கும் அவமானம் இல்லாமலே அந்த உண்மை நமக்குத் தெரிந்துவிடும். அதற்குள் குலதெய்வம் கோயிலுக்கு வாடகை வண்டியிலேயே போய் வருவோம். சாமி வண்டியைப் பார்ப்பதில்லை.